கேட்ட கதையைச் செய்து பார்த்த ஊர்

நல்ல சமாரியன் கதை தெரியாத கிறிஸ்தவர் இருக்க முடியாது. கிறிஸ்தவப் பள்ளிகளில் படித்த மற்ற மதத்தவர்களுக்கும் அது தெரியும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் ஒருவன் கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடக்கிறான். ஆசாரியன் ஒருவன் பார்த்துவிட்டு விலகிப் போகிறான். லேவியனும் அப்படியே போகிறான். யூதர்கள் தாழ்வாக நினைத்த சமாரிய இனத்தான் ஒருவன்தான் நின்று, காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்குப் பணமும் கொடுக்கிறான். ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையை நாடகமாகவும் போடுவார்கள். எல்லாப் பிள்ளைகளும் சமாரியனாக நடிக்கவே ஆசைப்படுவார்கள்.

நாடகத்தில் சமாரியனாக நடிப்பது எளிது. நிஜமாகவே அடிபட்டவன் ஒருவன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றால், அவனை உள்ளே சேர்ப்பது குற்றம் என்று அரசாங்கமே சட்டம் போட்டிருந்தால், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், அப்போது என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ஒரு ஊரே நான்கு ஆண்டுகள் பதில் சொல்லியிருக்கிறது. அந்த ஊரின் பெயர் லு ஷாம்போன் சுர் லின்யோன். அது பிரான்ஸ் நாட்டில் உள்ளது.

மலைமேல் ஒரு ஊர்

பிரான்சின் தென்மத்தியப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமி இருக்கிறது. குளிர்காலத்தில் பனி பெய்து பாதைகள் அடைபட்டுப் போகும். பைன் மரக் காடுகளும், ஒன்றுக்கொன்று எட்டத்தில் கல்லால் கட்டிய பண்ணை வீடுகளும் உள்ள இடம். கோடையில் நகரத்துக்காரர்கள் நல்ல காற்றுக்காக இங்கே வருவார்கள். அதனால் சின்ன ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் உண்டு. லு ஷாம்போன் இந்தப் பீடபூமியில் உள்ள ஊர்களில் ஒன்று.

அன்றைய பிரான்ஸ் பெரும்பாலும் கத்தோலிக்க நாடு. ஆனால் இந்த மேட்டு நிலத்தில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். பிரெஞ்சுப் புரொட்டஸ்டன்டுகளை வரலாற்றில் ஹ்யூகநாட்டுகள் என்று அழைப்பார்கள். அவர்களின் முந்தைய கதை தெரிந்தால்தான் பிந்தைய கதை புரியும்.

1598-ல் நான்காம் ஹென்றி மன்னர் நான்ட் ஆணையின் மூலம் ஹ்யூகநாட்டுகளுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். 1685-ல் பதினான்காம் லூயி மன்னர் அந்த ஆணையை ரத்து செய்தார். அன்றிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு அவர்களுடைய ஆராதனை சட்டவிரோதமானது. போதகர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். ஆண்கள் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக அனுப்பப்பட்டார்கள். பெண்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மரி துராந்த் என்ற பெண் 1730-ல், 19 வயதில், ஏக்மோர்த் நகரில் உள்ள ஒரு கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். 38 ஆண்டுகளுக்குப் பிறகு 1768-ல்தான் வெளியே வந்தார். போதகராக இருந்த அவருடைய அண்ணன் தூக்கிலிடப்பட்டார். "என் விசுவாசத்தை விட்டுவிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மரிக்கு விடுதலை கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. அந்தச் சிறையின் கல்லில் "எதிர்த்து நில்" என்று பொருள்படும் ஒரு பிரெஞ்சுச் சொல் செதுக்கப்பட்டிருக்கிறது. அதைச் செதுக்கியவர் அவர்தான் என்று சொல்வது வழக்கம்.

அந்தக் காலத்தை ஹ்யூகநாட்டுகள் "பாலைவனம்" என்றே அழைத்தார்கள். பிரான்சின் மலைகளும் காடுகளும் பாலைவனம் அல்ல. எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலர் 40 ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைந்த கதையைத் தங்கள் கதையாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பழைய ஏற்பாட்டுப் பெயர்களை வைத்தார்கள். ஒளிந்து கூடுவதும், வந்தவனைக் காட்டிக் கொடுக்காமல் இருப்பதும் அவர்களுக்குப் பாட்டன் பாட்டி சொல்லித் தந்த பழக்கம்.

போதகரும் அவர் மனைவியும்

1934-ல் ஆந்த்ரே த்ரோக்மே என்ற போதகர் இந்த ஊருக்கு வந்தார். அவர் 1901-ல் சான் கந்தான் என்ற ஊரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் அந்த ஊரை ஜெர்மானியர்கள் பிடித்துக்கொண்டார்கள். சிறுவனாக இருந்த ஆந்த்ரே அப்போது ஒரு ஜெர்மன் சிப்பாயைச் சந்தித்தார். தந்தி அனுப்பும் வேலை பார்த்த அந்தச் சிப்பாய், தான் கிறிஸ்துவைப் பின்பற்றுவதால் ஆயுதம் ஏந்துவதில்லை என்று சொன்னான். எதிரி நாட்டுச் சிப்பாய் ஒருவன் தன்னோடு ஒரே கடவுளிடம் ஜெபிக்கிறான் என்பது அந்தப் பையனின் மனதை விட்டுப் போகவே இல்லை. பிற்காலத்தில் அவர் உறுதியான அகிம்சைவாதி ஆனார். போர் பயம் சூழ்ந்திருந்த பிரான்சில் அகிம்சை பேசும் போதகரைப் பெரிய சபைகள் விரும்பவில்லை. அதனால்தான் அவர் இந்த மூலைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் மனைவி மக்தா இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பிறந்தவர். இருவரும் நியூயார்க்கில் படிக்கும்போது சந்தித்து 1926-ல் திருமணம் செய்துகொண்டார்கள். நான்கு பிள்ளைகள். கணவர் உணர்ச்சி மிக்கவர். கோபமும் வரும், கண்ணீரும் வரும். மனைவி காரியக்காரர். பக்திப் பேச்சில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. குளிரில் நடுங்குகிறவனுக்குக் கம்பளி வேண்டும், பசித்தவனுக்குச் சூப் வேண்டும், அதற்கு மேல் தத்துவம் எதற்கு என்பது அவர் போக்கு. பிரசங்கம் செய்பவர் ஒருவரும் சமையலறையில் நிற்பவர் ஒருவருமாக இருந்த இந்தக் குடும்பத்தில்தான் கதை நடைமுறைக்கு வந்தது.

1938-ல் எதுவார் தேஸ் என்ற இன்னொரு போதகரும் வந்து சேர்ந்தார். ஊரில் ஒரு உயர்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். அமைதியையும் பல நாட்டு மக்களின் நட்பையும் கற்றுத் தரும் பள்ளியாக அது இருக்க வேண்டும் என்பது அவர்களின் நோக்கம்.

பதின்மூன்று பேர்

இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. த்ரோக்மே தன் சபையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, 13 பொறுப்பாளர்களை நியமித்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர்கள் போதகர் வீட்டில் கூடுவார்கள். ஒரு வேதப்பகுதியை எடுத்துச் சேர்ந்து பேசுவார்கள். அவர் மட்டும் பேச மற்றவர்கள் கேட்பது என்ற முறை அங்கே இல்லை. பிறகு அந்தப் பதின்மூன்று பேரும் தங்கள் தங்கள் பகுதிக்குப் போய், பண்ணை வீடுகளில், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, அதே பகுதியை அக்கம்பக்கத்தாரோடு பேசுவார்கள்.

வேதபாட வகுப்பு என்று பார்த்தால் இது எல்லாச் சபைகளிலும் நடக்கிற காரியம்தான். ஆனால் ஆபத்து வந்தபோது, யாரும் புதிதாக ஒரு ரகசிய இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருக்கவில்லை. எந்த வீட்டில் இடம் இருக்கிறது, யார் வாய் திறக்க மாட்டார், எந்தப் பண்ணைக்குப் போகும் பாதை காட்டு வழியாகப் போகிறது என்பதெல்லாம் அந்தப் பதின்மூன்று பேருக்கும் ஏற்கெனவே தெரியும். வேதபாட வகுப்புதான் மீட்பு வலையாக மாறியது.

தோல்விக்கு மறுநாள்

1940 ஜூன் 22 அன்று பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்று, சண்டை நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நாட்டின் வடபகுதியை ஜெர்மானியர் எடுத்துக்கொண்டார்கள். தென்பகுதி மார்ஷல் பெத்தேன் தலைமையில் விஷி நகரிலிருந்து ஆளப்பட்டது. அந்த அரசு ஹிட்லரோடு ஒத்துழைத்தது. அதே ஆண்டு யூதர்களுக்கு எதிரான சட்டங்களைத் தானாகவே கொண்டுவந்தது.

மறுநாள் ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை. லு ஷாம்போன் ஆலயத்தில் த்ரோக்மேயும் தேசும் ஒரு அறிக்கையை முன்வைத்தார்கள். மனசாட்சிக்கு விரோதமான வற்புறுத்தல் வரும்போது ஆவியின் ஆயுதங்களால் எதிர்த்து நிற்பது கிறிஸ்தவனின் கடமை என்பதும், பயமில்லாமலும் பெருமையில்லாமலும் பகையில்லாமலும் அதைச் செய்ய வேண்டும் என்பதும் அதன் சாரம்.

இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதே காலத்தில் அதே வேதாகமத்தை வைத்துக்கொண்டு வேறு மாதிரிப் போனவர்களும் இருந்தார்கள். அதிகாரம் உள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஆம் அதிகாரத்தைக் காட்டி, அரசாங்கம் சொல்வதைச் செய்வதே விசுவாசம் என்றவர்கள் உண்டு. பிரான்சின் திருச்சபைத் தலைவர்கள் பலர் ஆரம்பத்தில் பெத்தேனை ஆதரித்தார்கள். ஜெர்மனியில் "ஜெர்மன் கிறிஸ்தவர்கள்" என்ற இயக்கம் நாசிக் கொள்கையைச் சபைக்குள் கொண்டுவந்தது. 1933-ல் பெர்லினில் நடந்த அவர்களுடைய பெரிய கூட்டத்தில், யூதர்களின் புத்தகம் என்பதால் பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட வேண்டும் என்று பேசப்பட்டது. வேதாகமம் கையில் இருப்பது மட்டும் யாரையும் நல்லவர் ஆக்கிவிடாது. அந்தக் கதையில் நாம் யார் என்று கேட்கும் இடத்தில்தான் வேறுபாடு வருகிறது. பார்வோனுடைய அரண்மனையில் நிற்கிறோமா, செங்கல் சூளையில் நிற்கிறோமா?

முதல் தட்டல்

1940-41 குளிர்காலத்தில் ஒரு நாள், பனியில் நனைந்த ஒரு பெண் போதகர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஜெர்மனியிலிருந்து ஓடி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்டார். மக்தா அவரை உள்ளே அழைத்து, அடுப்பருகே உட்கார வைத்துச் சாப்பாடு கொடுத்தார். பிறகு, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது அடையாளச் சீட்டு வாங்கித் தரலாம் என்று மேயரிடம் போனார். மேயர் கோபித்துக்கொண்டார். அந்நிய யூதப் பெண் ஒருத்திக்காக ஊரையே ஆபத்தில் மாட்டிவிடுவீர்களா, உடனே அனுப்பிவிடுங்கள் என்றார். மக்தா வீடு திரும்பினால், ஈரம் காயட்டும் என்று அடுப்பருகே வைத்திருந்த அந்தப் பெண்ணின் காலணிகள் கருகிப்போயிருந்தன. கடையில் காலணி கிடைக்காத காலம். வீடு வீடாகக் கேட்டு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து, உதவக்கூடிய வேறொரு குடும்பத்துக்கு அந்தப் பெண்ணை அனுப்பி வைத்தார்.

அந்தப் பெண்ணைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாமல் போனது மக்தாவைப் பல ஆண்டுகள் உறுத்தியது. ஆனால் அன்று அவர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். இனி அதிகாரிகளிடம் அனுமதி கேட்கக் கூடாது. அடுத்து வந்தவர்களுக்காக அவர் யாரிடமும் போகவில்லை.

ஆதியாகமத்தில் ஆபிரகாம் மம்ரே சமவெளியில், பகல் வெயிலில், கூடார வாசலில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேர் வருகிறார்கள். யார், எந்த ஊர், என்ன காரியம் என்று ஆபிரகாம் கேட்கவில்லை. ஓடிப்போய் வரவேற்று, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, மாவு பிசையச் சொல்கிறார். வந்தவர்கள் யார் என்பது பிறகுதான் தெரிகிறது. லு ஷாம்போன் வீடுகளில் நடந்ததும் அதுதான். வந்தவர்களிடம் உண்மைப் பெயரைக் கேட்பதில்லை. தெரியாததைப் போலீசார் அடித்தாலும் சொல்ல முடியாதல்லவா!

அடைக்கலப் பட்டணம்

உபாகமம் 19-ஆம் அதிகாரத்திலும் எண்ணாகமம் 35-ஆம் அதிகாரத்திலும் அடைக்கலப் பட்டணங்கள் என்ற ஏற்பாடு வருகிறது. கைப்பிசகாய் ஒருவனைக் கொன்றுவிட்டவனைப் பழிவாங்குகிறவன் துரத்துவான். அவன் ஓடி ஒளிய ஆறு பட்டணங்கள் இருக்க வேண்டும். குற்றமில்லாத இரத்தம் அந்தத் தேசத்தில் சிந்தப்படாமல் இருப்பதற்காக அந்த ஏற்பாடு. பலர் தாண்டிப் படித்துவிடும் சட்டப் பகுதி இது. த்ரோக்மே இதைத் தன் ஊருக்குப் பொருத்தினார். அடைக்கலப் பட்டணம் என்பது வரைபடத்தில் எங்கோ இருந்த பழைய ஊர் அல்ல, லு ஷாம்போன்தான் அது.

மார்செய் நகரில் த்ரோக்மே குவேக்கர்களைச் சந்தித்தார். முகாம்களில் அடைபட்டிருக்கும் அகதிகளுக்குத் தொண்டு செய்யப் போகிறேன் என்றார். சில குழந்தைகளை முகாமிலிருந்து வெளியே கொண்டுவர முடிகிறது, ஆனால் அவர்களை ஏற்றுக்கொள்ள எந்த ஊரும் தயாராக இல்லை, உங்கள் ஊர் ஏற்குமா என்று அவர்கள் கேட்டார்கள். திரும்பி வந்து அவர் சபையாரைக் கேட்டார். சபை ஒப்புக்கொண்டது. குவேக்கர்கள், சுவிட்சர்லாந்து நிவாரண அமைப்பு, சிமாத் என்ற பிரெஞ்சுப் புரொட்டஸ்டன்ட் அமைப்பு, யூதக் குழந்தைகள் நல அமைப்பு ஆகியவற்றின் உதவியோடு குழந்தைகள் இல்லங்கள் தொடங்கப்பட்டன. பிள்ளைகள் ஊர்ப் பள்ளியிலேயே படித்தார்கள். விடுதிகளிலும் பண்ணைகளிலும் குடும்பங்கள் ஒளிந்திருந்தன. பக்கத்து ஊர்களின் போதகர்களும், கத்தோலிக்கர்களும், மத நம்பிக்கை இல்லாதவர்களும்கூட இதில் பங்கெடுத்தார்கள்.

அமைச்சர் வந்த நாள்

1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸ் நகரில் பிரெஞ்சுப் போலீசார் 13,000-க்கும் மேற்பட்ட யூதர்களைக் கைது செய்தார்கள். அவர்களில் 4,000-க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெரும்பாலானோர் ஒரு சைக்கிள் பந்தய அரங்கில் அடைக்கப்பட்டு, பின்பு ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஆகஸ்ட் மாதம் விஷி அரசின் இளைஞர் துறைப் பொறுப்பாளர் ஜார்ஜ் லாமிரான் லு ஷாம்போனுக்கு வந்தார். ஆராதனையும் உணவும் முடிந்த பிறகு, பள்ளியின் மூத்த மாணவர்கள் அவரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். பாரிசில் நடந்ததைக் கேள்விப்பட்டோம், எங்கள் நடுவிலும் யூதர்கள் இருக்கிறார்கள், நாங்கள் வேறுபாடு பார்ப்பதில்லை, அது சுவிசேஷத்துக்கு விரோதம், அவர்களைப் பிடிக்க வந்தால் ஒளித்து வைப்போம் என்பது அதன் கருத்து. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் ஒரு சர்வாதிகார அரசின் பிரதிநிதி கையில் நேராகக் கொடுத்த கடிதம் இது!

உடன் வந்திருந்த மாவட்ட ஆட்சித் தலைவர் கோபத்தோடு த்ரோக்மேயிடம் பேசினார். யூதர்களின் பட்டியல் வேண்டும் என்றார்கள். எங்களுக்கு யூதர் என்றால் யாரென்று தெரியாது, மனிதர்களை மட்டுமே தெரியும் என்ற பொருளில் த்ரோக்மே பதில் சொன்னார்.

இரண்டு வாரத்தில் போலீசார் பேருந்துகளோடு வந்தார்கள். அதற்குள் பதின்மூன்று பொறுப்பாளர்கள் மூலம் செய்தி போய்விட்டது. ஒளிந்திருந்தவர்கள் காட்டுக்கும் தொலைவான பண்ணைகளுக்கும் போய்விட்டார்கள். போலீசார் பல நாட்கள் தேடினார்கள். பேருந்துகள் ஏறக்குறைய காலியாகவே திரும்பின.

பொய் சொல்லலாமா?

இந்த இடத்தில் ஒரு கடினமான கேள்வி வருகிறது. ஒளித்து வைக்க வேண்டுமானால் போலி அடையாள அட்டையும் போலி ரேஷன் அட்டையும் வேண்டும். ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி என்ற யூத இளைஞர் பொய்ப் பெயரில் அந்தப் பகுதியில் தங்கி, நூற்றுக்கணக்கான போலி ஆவணங்களைத் தயாரித்தார். ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் ரோஜே தார்சிசாக்கும் இந்தப் பணியில் உதவினார். ஆனால் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. போதகரே பொய்க்குத் துணை போகலாமா?

வேதாகமத்திலேயே இதற்குக் கதைகள் உண்டு. எபிரெய ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு மருத்துவச்சிகள், எபிரெயப் பெண்கள் எங்கள் வருகைக்கு முன்பே பிரசவித்துவிடுகிறார்கள் என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். எரிகோவில் ராகாப் என்ற பெண் வேவுகாரர் இருவரை வீட்டு மாடியில் சணல் தட்டைகளுக்குள் ஒளித்து வைத்துவிட்டு, அவர்கள் போய்விட்டார்கள் என்கிறாள். மருத்துவச்சிகளுக்குக் கடவுள் நன்மை செய்தார் என்று யாத்திராகமம் சொல்கிறது. ராகாபைப் புதிய ஏற்பாடு விசுவாசிகளின் வரிசையில் சேர்க்கிறது. உயிரைக் காக்கச் சொன்ன பொய்யை வேதம் அங்கே கண்டிக்கவில்லை.

ஆனாலும் த்ரோக்மேக்கு மனம் ஆறவில்லை. பின்னாளில் அவரே தலைமறைவாக இருந்தபோது அவரிடமும் போலி அட்டை இருந்தது. லியோன் ரயில் நிலையத்தில் ஒருமுறை தன் மகனோடு ஜெர்மானியரிடம் அகப்பட்டார். நேரடியாகப் பெயரைக் கேட்டால் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டார். கேட்பதற்கு முன் ஒரு வழி கிடைத்துத் தப்பிவிட்டார். மற்றவர் உயிருக்காகப் போலி அட்டையைப் பொறுத்துக்கொண்ட மனிதர், தன் உயிருக்காக ஒரு பொய் சொல்லத் தயங்கினார். ஒரு கதையை வாழ்க்கைக்குப் பொருத்தினால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்த நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்கலாம். சிலவேளை சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எதிரிக்கு விருந்து

1943 பிப்ரவரி 13 மாலை, இரண்டு போலீசார் த்ரோக்மேயைக் கைது செய்ய வந்தார்கள். போதகர் வீட்டில் இல்லை. அவர் வரும்வரை காத்திருந்தார்கள். இரவு உணவு நேரம் ஆனது. மக்தா அவர்களையும் மேசையில் உட்காரச் சொல்லி உணவு பரிமாறினார்! கணவனைப் பிடித்துக்கொண்டு போக வந்தவர்களுக்கு எப்படிச் சாப்பாடு போட மனம் வந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். அது சாப்பாட்டு நேரம், அவர்களுக்கும் பசிக்கும், இதில் என்ன இருக்கிறது என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 6-ஆம் அதிகாரத்தில் இதே மாதிரி ஒரு கதை இருக்கிறது. எலிசா தீர்க்கதரிசியைப் பிடிக்க வந்த சீரிய ராணுவம் சமாரியாவின் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறது. வெட்டிப்போடட்டுமா என்று ராஜா கேட்கிறான். வேண்டாம், சாப்பாடு போட்டு அனுப்பு என்கிறார் எலிசா. பெரிய விருந்து நடக்கிறது. அதன் பிறகு அந்தக் கொள்ளைக் கூட்டங்கள் இஸ்ரவேலுக்கு வரவில்லை என்று கதை முடிகிறது.

செய்தி பரவி ஊரார் வரிசையாக வந்தார்கள். கைதாகிப் போகும் போதகருக்கு ஆளுக்கொரு பரிசு. மெழுகுவர்த்தி, மத்தி மீன் டப்பா, கம்பளிக் காலுறை. யாரோ ஒருவர் அன்று கிடைப்பதற்கரிய கழிவறைக் காகிதச் சுருள் ஒன்றைக் கொடுத்தார். முகாமில் அதைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, அதில் ஆறுதலான வேத வசனங்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன.

த்ரோக்மே, தேஸ், தார்சிசாக் மூவரும் லிமோஜ் அருகே ஒரு முகாமில் அடைக்கப்பட்டார்கள். ஒரு மாதம் கழித்து, மார்ஷலின் உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்திட்டால் விடுதலை என்றார்கள். போதகர்கள் இருவரும் மறுத்துவிட்டு முகாமிலேயே தங்கினார்கள். மேலிடத்திலிருந்து ஆணை வந்து மறுநாள் அவர்களும் விடுவிக்கப்பட்டார்கள்.

கொடுத்த விலை

எல்லாக் கதையும் நல்லபடியாக முடியவில்லை. போதகரின் உறவினர் தானியேல் த்ரோக்மே மாணவர் விடுதி ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தார். 1943 ஜூன் 29 அன்று ஜெர்மன் ரகசியப் போலீசார் அங்கே திடீரென்று புகுந்தார்கள். தானியேல் அப்போது வேறொரு விடுதியில் இருந்தார். காட்டுக்குள் ஓடியிருக்கலாம். தன் மாணவர்களைத் தனியே விட மனமில்லாமல் அங்கே போனார். 18 மாணவர்களோடு அவரும் கைதானார். 1944 ஏப்ரலில் போலந்தில் உள்ள மைதானெக் முகாமில் அவர் இறந்தார். கைதான மாணவர்களில் பலரும் திரும்பவில்லை. ஊர் மருத்துவர் ரோஜே லு ஃபோரெஸ்தியே 1944 ஆகஸ்ட் 20 அன்று, விடுதலைக்குச் சில நாட்களே இருந்தபோது, லியோன் அருகே நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகளோடு கொல்லப்பட்டார்.

பிரான்சிலிருந்து ஏறக்குறைய 76,000 யூதர்கள் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மிகச் சிலரே உயிரோடு திரும்பினார்கள். அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊர் செய்ததன் மதிப்பு தெரியும். லு ஷாம்போனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் காப்பாற்றப்பட்ட யூதர்கள் 3,000 முதல் 5,000 வரை என்று பல காலம் எழுதப்பட்டது. பிந்தைய ஆய்வாளர்கள் சிலர் அதைவிடக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். ஒளித்து வைத்தவர்கள் கணக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தக் காகிதமே பலரைக் கொன்றிருக்கும்.

போருக்குப் பின்

போர் முடிந்ததும் ஊரார் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஃபிலிப் ஹாலி என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1979-ல் இந்த ஊரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிய பிறகே உலகம் இதைப் பரவலாக அறிந்தது. குற்றமில்லாத இரத்தம் சிந்தப்படாதிருக்க என்ற உபாகமச் சொற்களிலிருந்தே அவர் தன் புத்தகத்துக்குத் தலைப்பு எடுத்தார். 1944-ல் அந்த ஊரிலேயே பிறந்த யூதரான பியர் சோவாஜ் பிற்காலத்தில் ஒரு ஆவணப்படம் எடுத்தார். இஸ்ரேலில் உள்ள யாத் வஷேம் நினைவகம் த்ரோக்மேக்கும் மக்தாவுக்கும் தானியேலுக்கும் வேறு பலருக்கும் தனித்தனியே மரியாதை செய்தது. 1990-ல் லு ஷாம்போன் மக்களையும் சுற்றுப்புற ஊர் மக்களையும் சேர்த்துக் கௌரவித்தது. தனி மனிதர்களுக்கே அளிக்கப்படும் இந்த மரியாதை ஒரு ஊருக்கே கிடைப்பது மிக அபூர்வம்.

ஊரின் முதியவர்களைப் போய்ப் பார்த்தவர்களெல்லாம் ஒரே அனுபவத்தைச் சொன்னார்கள். வீர தீரம் என்று புகழ்ந்தால் அவர்கள் சங்கடப்பட்டார்கள். வந்தார்கள், சேர்த்துக்கொண்டோம், வேறு என்ன செய்வது என்பதே அவர்களுடைய பதில்.

முடிவாக

நல்ல சமாரியன் கதையை இயேசு சொன்னது, பிறன் யார் என்று ஒரு வேத அறிஞன் கேட்டதற்குப் பதிலாக. கதையை முடித்துவிட்டு அவர் கேள்வியையே திருப்பிப் போடுகிறார். அடிபட்டவனுக்குப் பிறனாக நடந்துகொண்டவன் யார் என்று கேட்கிறார். யார் யாருக்கெல்லாம் உதவலாம் என்று பட்டியல் போடுவதை விட்டுவிட்டு, நீ யாருக்குப் பிறனாக இருக்கிறாய் என்று பார்க்கச் சொல்கிறார்.

லு ஷாம்போன் மக்கள் பெரிய இறையியல் படித்தவர்கள் அல்ல. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, இந்த வாரம் இந்தக் கதை நமக்கு என்ன சொல்கிறது என்று பேசியவர்கள். தங்கள் முன்னோர் வழியில் அடிபட்டுக் கிடந்த காலத்தை மறக்காதவர்கள். அதனால் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போன பாதை எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கும் வகுப்பில் ஒதுக்கப்பட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாணவன், சாதி பார்த்து வீடு மறுக்கப்படும் குடும்பம், மனத்தாங்கலில் பல ஆண்டு பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி என்று தட்டப்படும் கதவுகள் எங்கும் உண்டு. இவர்களுக்குக் கதவு திறக்க உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கௌரவத்தை விட்டாலே போதும். மக்தா செய்ததும் முதலில் அவ்வளவுதான். பனியில் ஒரு பெண் நின்றார், கதவைத் திறந்தார்.